பொன்னுரங்கம் தூங்குகிறார், சத்தம் போடாதே

காதுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்தபோது பொன்னுரங்கம் முதலில் சந்தேகப்பட்டது எஞ்சினைத்தான்.

விசைப்படகில் முப்பது வருஷமாக எஞ்சின் பார்த்துவந்த மனிதர் வேறு எதைச் சந்தேகப்படுவார்? காசிமேட்டிலிருந்து கிளம்பி நாலாவது நாள், ஆந்திரா பக்கத்துக் கடலில், மெல்லிசாகக் கம்பி இழுத்த மாதிரி ஒரு சத்தம். பெல்ட் வழுக்குகிறது என்று பெல்ட்டை இறுக்கினார். போகவில்லை. பேரிங்தான் போய்விட்டது என்று கிரீஸ் அடித்தார். போகவில்லை. குழாய் குழாயாகக் காதை வைத்துப் பார்த்தார். எந்தக் குழாயில் வைத்தாலும் கேட்டது. கடைசியில் படகு ஓட்டுகிற அன்புமணியிடம் சொல்லி, வலையைத் தூக்கிய கையோடு நடுக்கடலில் எஞ்சினையே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எஞ்சின் நின்றது. விசில் நிற்கவில்லை. அதுவரை ஏதோ போர்வைக்குள் கிடந்தது போல இருந்தது, இப்போது கணீரென்று கேட்டது.

"இன்னா மாமு, நின்னுடுச்சா உன் விசிலு?" என்று மேலேயிருந்து கத்தினான் அன்புமணி.

"நின்னுடுச்சி, நின்னுடுச்சி. நீ ஸ்டார்ட் பண்ணு" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார் பொன்னுரங்கம். எஞ்சின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் விசில் அடங்கிவிட்டது. பழுது எஞ்சினில் இல்லை, தன் மண்டையில் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மண்டையைக் கழற்றிப் பார்க்க அவரிடம் ஸ்பேனர் கிடையாது.

இது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. எஞ்சின் பார்க்கிறவனுக்குக் காதுதான் சோறு போடுகிறது. காதில் கோளாறு என்று தெரிந்தால் எவன் படகில் ஏற்றுவான்? தவிர, கடலில் இருக்கும்வரை அது பெரிய தொந்தரவும் இல்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே படுக்கை. அந்த இரைச்சலில் விசில் எங்கேயோ அமுங்கிக் கிடக்கும். கஷ்டமெல்லாம் கரைக்கு வந்து வீட்டில் தலை சாய்த்தால்தான்.

ஏனென்றால் வீட்டில் முத்தம்மா இருந்தாள். முத்தம்மா இருக்கும் இடத்தில் சத்தம் இருக்க முடியாது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அப்போது இருந்த குப்பத்துத் தெருவில் ஒரு பழக்கம். கடலுக்குப் போய் வந்தவன் உள்ளே தூங்குகிறான் என்றால், அந்த வீட்டுப் பெண் மீன் கூடையை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிடுவாள். கவிழ்ந்த கூடையைப் பார்த்தால் பிள்ளைகள் அங்கே பம்பரம் விடக்கூடாது. சண்டை போடுகிறவர்கள் சண்டையை அடுத்த முனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மற்ற பெண்கள் கூடையைக் கவிழ்ப்பதோடு சரி. முத்தம்மா கவிழ்த்துவிட்டுக் காவலுக்கும் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே மிக்ஸி ஓடாது, டிவி ஓடாது. குக்கர் விசில் அடிக்குமே என்று பருப்பைத் திறந்த பாத்திரத்தில்தான் வேக வைப்பாள். ஒரே மகள் வினிதா ஐந்து வயதில் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி விளையாடி முதுகில் வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து காச்சு மூச்சென்று கத்திக்கொண்டிருந்தபோது, "சத்தம் போடாதே" என்று அதட்டிய டீச்சரிடம், "எங்க நைனா கடலுக்குப் போய்க்கீது டீச்சர், தூங்கல" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாளாம்.

போன வருஷம் ஆடியில் பொன்னுரங்கத்துக்கு வலது முட்டி போய்விட்டது. எஞ்சின் அறை ஏணியில் இறங்கினால் ஏற முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரேயடியாகக் கரைக்கு வந்துவிட்டார். முத்தம்மா இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி, மூன்று மாதம் அலைந்து காலடிப்பேட்டையில் ஒரு சந்தின் கடைக்கோடியில் வீடு பிடித்தாள். ரோட்டுச் சத்தம் வராது, ரயில் சத்தம் வராது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் சத்தம் வராது.

"முப்பது வருசமா எஞ்சினும் அலையும்தான கேட்டுகினு கீற. இனிமேலாச்சும் கம்முனு தூங்குயா" என்று சொல்லிச் சாவியை அவர் கையில் வைத்தாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எந்த மனிதனால் வாயைத் திறக்க முடியும்? பொன்னுரங்கம் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மீன் கூடையும் கூடவே காலடிப்பேட்டைக்கு வந்தது. அந்தச் சந்தில் இருந்தவர்கள் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். கவிழ்ந்த கூடைக்கு அர்த்தம் தெரியாமல் முதல் வாரம் ஒரு நல்ல மனிதர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். முத்தம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே மாதத்தில் சந்து முழுக்கப் பழகிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் முனையிலேயே மைக்கை அணைத்துவிடுவார். எதிர் வீட்டுப் பையன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்துதான் நிறுத்துவான். இனிமேல் கடலுக்கே போகாத ஒரு மனிதருக்காக ஒரு சந்தே வாயை மூடிக்கொண்டது.

அந்த அமைதியில்தான் பொன்னுரங்கம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீற்றம் வருமே, அது நிற்காமல் வந்துகொண்டே இருந்து விசில் மட்டும் அடிக்காமலே போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவருக்கு. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்தால், சுற்றிலும் ஒரு பொட்டுச் சத்தம் இல்லாததால் அது மண்டை முழுக்கப் பரவிவிடும். ராத்திரியும் அதே கதைதான். புரண்டு படுப்பார். முத்தம்மா எழுந்து வந்து, தூக்கம் கெட்டதற்குத் தானே காரணம் என்பது போல, கொடியில் ஆடும் புடவையைக்கூடப் பிடித்து நிறுத்திவிட்டுப் போவாள்.

வேறு வழி தெரியாமல் அவர் ஷேர் ஆட்டோ ஏறிக் காசிமேட்டுக்கு ஓட ஆரம்பித்தார். துறைமுகத்தில் ஐஸ் பாளத்தை உடைக்கிற மெஷின் ஓடும் கொட்டகை ஒன்று இருக்கிறது. அங்கே பழைய வலைக் குவியலின் மேல் படுத்தால், படுத்த மாத்திரத்தில் தூக்கம். மெஷின் பாறை உடைக்கிற மாதிரி கத்தும், இவர் குழந்தை மாதிரி தூங்குவார். வீட்டில் கேட்டால், "தோஸ்துங்களப் பாக்கப் போயிருந்தேன்" என்பார்.

எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்? காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும் சுகிர்தம், முத்தம்மாவின் பழைய சிநேகிதி, ஒருநாள் பார்த்துவிட்டாள். பார்த்ததை வீட்டுக்கே வந்து சொல்லியும் விட்டாள்.

அன்று சாயந்திரம் முத்தம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு பொன்னுரங்கம் நினைத்தார். டீயை அவர் முன்னால் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஐஸ் கொட்டாயில தூங்குறியாமே. சுகிர்தம் சொல்லிச்சி."

"அது சும்மா, கால் வலிச்சிச்சின்னு..."

"வூட்ல கால் நீட்ட எடமா இல்ல?" என்றாள். "மாசத்துல நாலு நாளு வந்து போன ஆளு நீ. அந்த நாலு நாளு நல்லாத்தான் இருந்துச்சி. முப்பது நாளும் என் மூஞ்சியப் பாத்துகினு கெடக்க உன்னால முடியல. அவ்ளோதான? புரியுது எனக்கு. வாயால சொல்லிட்டு போ, கொட்டாயிக்கே சோறு குட்த்து அனுப்பறேன்."

பொன்னுரங்கம் 'இல்லை' என்றால், 'அப்புறம் ஏன் ஓடுகிறாய்' என்பாள். விசிலைச் சொன்னால், இருபது வருஷமாக அவள் ஊரையே அதட்டிக் காத்த அமைதிதான் தன்னைக் கொல்கிறது என்று சொல்ல வேண்டும். அதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு, "பைத்தியம் மாரி பேசாதமே" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முட்டிக்கு மருந்து வாங்கப் போன அரசாங்க ஆஸ்பத்திரியில், வெட்கத்தை விட்டுக் காதைப் பற்றியும் கேட்டார். சோதனை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே காது சோதிக்கிற பெண், ஹெப்சிபா என்று பெயர், அவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்க ஐயா" என்று கதவைச் சாத்தினாள். பொன்னுரங்கம் பட்டனை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்கவேயில்லை.

ஹெப்சிபா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"உனக்கு கேக்கலியாமா? எனக்கு நாலு வருசமா கேட்டுகினே கீதே" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, ஐஸ் கொட்டகை வரை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொறுமையாகச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் உள்காது கெட்டிருக்கிறது. அங்கிருந்து வர வேண்டிய சத்தம் வராததால் மூளை தானாகவே ஒரு சத்தத்தைப் போட்டுக்கொள்கிறது. இதை நிறுத்த மாத்திரை கிடையாது, ஆனால் இதோடு சமாதானமாக வாழலாம். "ஒண்ணு மட்டும் செய்யாதீங்க ஐயா. சத்தமே இல்லாத இடத்துல இருக்காதீங்க. வீட்ல ஏதாவது லேசா ஓடிக்கிட்டே இருக்கணும். விசிலை அமுக்கிற அளவுக்கு வேணாம், அதுக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும். நீங்க காது கொடுத்துக் கேக்க வேண்டாத சத்தமா இருக்கணும், அதுதான் முக்கியம். கொஞ்சம் கொஞ்சமா விசிலைக் கண்டுக்காம இருக்கப் பழகிடுவீங்க. அந்த ஐஸ் மெஷின்கிட்ட மட்டும் போகாதீங்க, இருக்கிற காதும் போயிடும். இவ்வளவுதான். வீட்ல சொல்லிட்டீங்கன்னா அவங்களே பாத்துக்குவாங்க."

"அதாம்மா பேஜாரே" என்றார் பொன்னுரங்கம்.

சொல்ல வேண்டாம், சத்தத்தை மட்டும் உண்டு பண்ணிக்கொண்டால் போதும் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் மூளை அப்படித்தான் போகும். முதலில் குளியலறைக் குழாயின் வாஷரைக் கழற்றிவிட்டார். சொட்டுச் சொட்டென்று பக்கெட்டில் விழுந்த சத்தத்தில் அரை மணி நேரம் கண் அயர்ந்தது. எழுந்து பார்த்தால் குழாயில் துணி சுற்றியிருந்தது, மறுநாள் புதுக் குழாயே வந்துவிட்டது. அடுத்து மின்விசிறி. முத்தம்மா வெளியே போன சமயம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்த கிண்ணத்தின் திருகைத் தளர்த்தினார். விசிறி டகடகவென்று அருமையாக ஆடியது. அன்றைக்கே எலக்ட்ரீஷியன் ஜெயவேலைக் கூட்டி வந்து சரி செய்துவிட்டாள். மறுபடி தளர்த்தினார். மறுபடி ஜெயவேல் வந்தான். மூன்றாம் தடவை அவன் கீழே இறங்கி, "யக்கா, இது தானா கயலல. யாரோ கயட்டறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலாம் தடவை பொன்னுரங்கம் கையில் ஸ்பேனரோடு ஸ்டூல் மேல் நின்றபோது, கடைக்குப் போனவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கீய எறங்கு" என்றாள் முத்தம்மா.

இறங்கினார். முட்டி சொல்கிற பேச்சைக் கேட்காததால் அதற்கும் அவள்தான் வந்து கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இறக்கி உட்கார வைத்த பிறகு கையை உதறினாள்.

"இன்னாயா நெனச்சிகினு கீற? வூட்ட ஒவ்வொண்ணா ஒட்ச்சிட்டு, இந்த வூடு சரியில்லன்னு கெளம்பிடலாம்னு பாக்குறியா? போறதுன்னா போயேன். இம்மாம் கஷ்டம் ஏன்?" ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் இன்னா கொற வெச்சேன் உனக்கு? அத்த சொல்லு. ஒரு ஈ பறக்க உடல நான்."

"அதான் முத்தம்மா கொறயே" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். அதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை. நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தியதிலிருந்து ஆஸ்பத்திரிக் கூண்டு வரை எல்லாவற்றையும் சொன்னார். "உன் மூஞ்சி புடிக்காம ஓடல. அந்த விசிலுக்கு பயந்துதான் ஓடனேன். வூடு கம்முனு ஆக ஆக அது ஜாஸ்தி ஆவுது. நீ ஆசயா பண்ணது, எப்புடி வேணாம்னு சொல்றது? அதான் சொல்லல."

முத்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருசமா?" என்றாள். "நாலு வருசமா நான் சந்து சந்தா அதட்டிகினு கெடந்தேன், நீ உள்ள அவஸ்த பட்டுகினு கெடந்தியா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து போய் வாசலில் கவிழ்ந்திருந்த கூடையை எடுத்து வந்து, நிமிர்த்தி, அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருந்தால் ஹெப்சிபாவே கொஞ்சம் மிரண்டிருப்பாள். முத்தம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அமைதியைக் காத்த அதே வேகத்தில் இப்போது சத்தத்தைத் தேடினாள். ரேடியோவை வைத்தாள். பொன்னுரங்கம் செய்தியைக் காது கொடுத்துக் கேட்டு, மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி அதில் பேசியவரோடு படுக்கையிலிருந்தே சண்டை போட்டார். டேபிள் ஃபேனைப் போட்டாள். கண்ணை மூடிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, "இது புஷ்ஷு தேஞ்சிகீதுமே" என்று எழுந்து உட்கார்ந்தார். மாவு இல்லாமல் வெறும் கிரைண்டரைச் சுற்றவிட்டாள். "கல்லு ஒரு பக்கமா ஒதுங்குது, கேக்குதா உனக்கு?" என்று சமையலறைக்கே வந்துவிட்டார். மாதவரத்தில் கட்டிக்கொடுத்திருந்த வினிதா விஷயம் கேள்விப்பட்டு, போனில் அலைச் சத்தம் ஒன்றை இறக்கி அனுப்பினாள். அதைக் கேட்டதும் அவருக்குக் கையும் காலும் பரபரத்தன. "இது நம்ம கடலே இல்ல. எந்த ஊரு அலை இது? நங்கூரம் போட்ட போட்டு இந்த மாரி அலைக்கு நிக்காதே" என்று போனை அணைத்துக் கொடுத்துவிட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. முப்பத்து மூன்று வருஷமாக எந்தச் சத்தம் கேட்டாலும் அதில் என்ன பழுது என்று தேடிப் பழகிய காது. காது கொடுக்க வேண்டாத சத்தம் என்று அவருக்கு ஒன்று இருந்தால்தானே?

ஐந்தாம் நாள் மத்தியானம் முத்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, முன்னால் இறால் சட்டியை வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தவள், உரித்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். சத்தம் போட்டு இல்லை. இருபது வருஷம் தணிந்த குரலிலேயே பேசிப் பழகியவளுக்குத் திட்டும் தணிந்துதான் வந்தது.

"ஃபேனு ஆவாது, ரேடியோ ஆவாது, கடலும் ஆவாதாம். ராசா வூட்டுப் புள்ள. ஐஸு மெசினுதான் வேணுமாம். போய் அதயே கட்டிக்க வேண்டியதுதான, என்ன ஏன் கட்டிக்கின? கண்ணாலத்தன்னிக்கே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. நலங்கு வெக்கச் சொல்லோ ஐயா எங்க? ஜெனரேட்டர் ரிப்பேராம், அங்க குந்திகினு கீறாரு, பட்டு வேட்டில கிரீஸு. எங்க அப்பா அப்பவே சொன்னாரு, இவன் பொண்ணப் பாக்க வரல, மிசினப் பாக்க வந்துகீறான்னு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றானா மனுசன். காது வலிக்குதுன்னா காது வலிக்குதுன்னு சொல்லணும். அத்த உட்டுட்டு ஸ்டூலு மேல ஏறுவாராம், கால வெச்சிகினு. உயுந்து மண்ட ஒடஞ்சிருந்தா விசிலு நின்னிருக்கும், நான் இன்னா பண்ணியிருப்பேன்? இன்னா, நான் பேசிகினே கீறேன், பதில காணோம்?"

திரும்பிப் பார்த்தாள். பொன்னுரங்கம் வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

முத்தம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பழக்க தோஷத்தில் சட்டென்று வாயை மூடினாள். நாலு இறால் உரிப்பதற்குள் அவர் புரண்டார், நெற்றி சுருங்கியது. அவசரமாக, "அந்த பட்டு வேட்டிய நான்தான் சோடா போட்டு தோச்சேன், தெரியுமா?" என்றாள். நெற்றி விரிந்தது. அவர் மறுபடி ஆழ்ந்து போனார்.

அன்று முதல் மத்தியானமானால் அவள் பாயில், அவர் கட்டிலில். கையில் இறாலோ கீரையோ உளுந்தோ ஏதாவது இருக்கும். வாய் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினில் பழுது தேடும் அந்தக் காது அவள் குரலில் எதையும் தேடவில்லை.

அவருக்கு இதில் ஒரு அதிர்ச்சியும் இருந்தது. தன் மனைவி பேசா மடந்தை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அவர் கரையில் இருக்கும்போதெல்லாம் தூங்கினார், அவர் தூங்கும்போதெல்லாம் அவள் பேசவில்லை. கணக்கு அவ்வளவுதான். இருபது வருஷப் பேச்சு அப்படியே அவளிடம் தேங்கிக் கிடந்தது. தூக்கம் வராத நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்டார். வினிதாவுக்கு அம்மை போட்டிருந்த பதினைந்து நாளையும் கேட்டார். குழாயடியில் சுகிர்தத்தோடு மூன்று வருஷம் பேசாமலிருந்த சண்டையும், பிறகு ஒரு மழை நாளில் ஒரே குடைக்குள் ராசியானதும் வந்தது. அவள் ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் மெரினா வரைக்கும் பஸ் ஏறிப் போய், கடலைப் பார்க்காமல் ஐஸ்கிரீம் மட்டும் தின்றுவிட்டுத் திரும்பியது அவருக்கு அன்றுவரை தெரியாத செய்தி. தன் வீட்டில் இத்தனை நடந்திருக்கிறதா என்று அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கட்டிலை எட்டிப் பார்த்து, தூங்கிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டு, குரலை இன்னும் தணித்தாள்.

"உன்னாண்ட நேரா சொல்ல வராது எனக்கு. தூங்கச் சொல்லோ சொல்லிடறேன். புயல்ல உங்க போட்டு காணாம போச்சே, இருவது வருசம் ஆவுது, அந்த ஒம்போது நாளு. ஆறாம் நாளே தல முயிவிடலாம்னு உன் அக்காவே சொன்னா. நான் வளையல கயட்ட மாட்டேன்னுட்டேன். ஒம்போதாம் நாளு ஒடிசாவுல கர சேந்துட்டாங்கன்னு சேதி வந்துச்சி. அப்பால நீ வூட்டுக்கு வந்த. வந்து ரெண்டு நாளு அட்ச்சிப் போட்ட மாரி தூங்கின. எனக்கு நம்பிக்கயே வரலயா. நான் கண்ண மூடனா நீ இல்லாம பூடுவியோன்னு பயம். உன் மூக்காண்ட காத வெச்சிகினு மூச்சு கேட்டுகினே குந்திகினு இருந்தேன். அடுப்புல எதுனா கொதிச்சா மூச்சு கேக்கல. தெருவுல புள்ளங்க கத்துனா கேக்கல. அந்தச் சின்னது தட்ட தட்டுச்சேன்னு எப்புடி அட்ச்சேன், ஐயோ. நீ தூங்கணும்னு ஊருக்கு சொன்னேன். நெசத்துல உன் மூச்சு எனக்கு கேக்கணும், அதுக்குத்தான்யா அத்தினி பேரயும் தொரத்தினேன். அன்னிலேருந்து நீ எப்ப வந்து படுத்தாலும் அப்புடித்தான். மூச்சு கேட்டாத்தான் எனக்கு உசுரு."

காய் கிள்ளுவது நின்றிருந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ பேசிகினே கீறேனா, ஒண்ணியும் கேக்க மாட்டேங்குது. பரவால்ல. நீ தூங்குறல்ல, அது போதும்."

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தார். விசில் அதன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதைவிடப் பெரிதாக ஒன்று அவர் தலைக்குள் நிறைந்திருந்தது. தான் தூங்குவதற்காக அவள் காத்த அமைதி என்றுதான் இவர் நினைத்திருந்தார். அது அவளுக்கும் வேண்டியிருந்த அமைதி. அதைத்தான் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் இவருக்காக விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"தூங்கலியா நீ?" என்றாள் முத்தம்மா. முகம் சிவந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், கொத்தவரங்காய் முறத்தின் முன்னால், கலியாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சு எப்போதுமே அவருக்கு வராத வேலை. கட்டிலோரமாக நகர்ந்து, கையை நீட்டி, காய் வாசமடிக்கும் அவள் இடது கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"கேக்க வேணாம்" என்றார். "இங்க வெச்சிக்கோ, தெரியும். வெச்சிகினு பேசு."

அவள் கையை எடுக்கவில்லை. அது அங்கே ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கொத்தவரங்காய் கிள்ள முடியாது என்பதால் முறத்தைக் காலால் தள்ளி வைத்தாள். அப்புறம் புயலை விட்டுவிட்டு, வினிதாவுக்குக் காது குத்தியபோது ஆசாரியையே அந்தப் பெண் கடித்து வைத்த கதைக்குப் போனாள். ஆசாரி அலறுகிற இடம் வருவதற்குள் பொன்னுரங்கம் தூங்கிவிட்டார்.

போன் அடித்தது. மாதவரத்திலிருந்து வினிதாதான். முத்தம்மா வலது கையால் எடுத்தாள்.

"நைனா எங்கம்மா?"

"தூங்குது. நெஞ்சு மேல கை வெச்சிகினுதான் கீறேன்."

"தூங்குதா? அப்புறம் ஏம்மா பக்கத்துல குந்திகினு பேசிகினு கீற? எயுந்துக்கப் போவுது!"

"நிறுத்தனாத்தான்டி எயுந்துக்கும்" என்றாள் முத்தம்மா. "போன வையி. ஆசாரிய நீ கட்ச்சியே, அதுல பாதில நிக்கறேன்."